மூன்று மெத்தைக் கடையில் செருப்புகள் கிளம்பிப்போன கதை

ஆலடிப்பேட்டையில் இந்தக் கதையை யாரிடம் கேட்டாலும் அது ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் தொடங்குகிறது. எந்த மாதத்துச் செவ்வாய் என்பதில் மட்டும் தெருவுக்குத் தெரு வேறுபாடு உண்டு. கீழரதவீதியில் வைகாசி என்பார்கள், சந்தைமேட்டில் ஆனி என்பார்கள். ஆனால் பிறவிப்பெருமாள் ஜவுளிக்கடையின் வாசலில், கழற்றிவிடப்பட்ட நாற்பது ஐம்பது சோடிச் செருப்புகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பேராச்சி என்ற ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணின் கண்முன்னால், நீலவார் வைத்த ரப்பர் செருப்புகள் இரண்டு, இடது முன்னால் வலது பின்னால் என்று தாமாகத் திரும்பி, வாசலின் மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கி, வந்துகொண்டிருந்த ஆட்டோவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, பிறகு தேரடிப் பக்கமாக நடந்து போயின என்பதில் எவருக்கும் இரண்டு கருத்து இல்லை.

செருப்புக்கு உரியவள், வாழைத் தோட்டத்து வேலைக்காரி ஒருத்தி, அப்போது உள்ளே மூன்றாம் மெத்தையில் உட்கார்ந்து, எடுத்துப்போட்ட புடவையைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையை மூன்று மெத்தைக் கடை என்றே ஊர் சொல்லும். வருகிறவர்கள் செருப்பைப் படியில் விட்டுவிட்டு, தரையில் வெள்ளைத்துணி போர்த்தி விரித்திருக்கும் மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் சேலை பார்க்க வேண்டும் என்பது பிறவிப்பெருமாளின் தாத்தா காலத்து வழக்கம். முதல் மெத்தைக்குப் பின்னால் பட்டு அலமாரி. இரண்டாவதன் பின்னால் கைத்தறியும் கலப்புப் பட்டும். மூன்றாவதன் பின்னால் கட்டுக்கட்டாக அடுக்கிய பாலியெஸ்டர். எவர் எந்த மெத்தையில் உட்கார வேண்டும் என்று அங்கே எழுதி வைத்திருக்கவில்லை. அது வாசலிலேயே முடிவாகிவிடும். செருப்புக்குக் காவல் என்று பேர்பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த பேராச்சி, படியில் விடப்படும் செருப்பைப் பார்ப்பாள். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, வார் கடையில் தைத்ததா வீட்டில் ஊக்கு மாட்டியதா, ஒட்டியிருப்பது செம்மண்ணா கரிசலா தார்ச்சாலைப் புழுதியா என்பதை ஒரு கண்ணிமைப்பில் படித்து, "வாங்க, வாங்கம்மா, வாங்க" என்று மூன்று முறை அழைத்தால் முதல் மெத்தை, "வாங்கம்மா" என்று ஒருமுறை சொன்னால் இரண்டாம் மெத்தை, "உள்ள போங்க" என்றால் மூன்றாம் மெத்தை. உள்ளே நிற்கிற விற்பனையாள்கள் அந்தக் குரலைக் கேட்டுத்தான் கையை நீட்டி இடம் காட்டுவார்கள். வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது என்று கடை நம்பியது.

இருபத்தாறு வருடமாக அவள் குரல் பிசகியதில்லை. கட்டியவன் எப்போதோ தென்காசிப் பக்கம் போய் வேறு குடும்பம் பண்ணிக்கொண்டான். பேராச்சிக்கு வீட்டில் யோசனை கேட்க ஆளில்லை, தெருவில் அவள் சொல்லைக் கேட்பாரில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் அவள் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தைக்கு ஏழு ஆண்கள் ஓடியாடி வேலை செய்தார்கள். "என் கடைக்கு கம்ப்யூட்டர் வேண்டாம், பேராச்சி போதும்" என்று பிறவிப்பெருமாள் வெளியூர் வியாபாரிகளிடம் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த முக்காலியை அவளால் விட முடியாது என்பது அவளுக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

ஆகவே வாழைத் தோட்டத்துக்காரி வெளியே வந்து, "எங்க என் செருப்பு?" என்று கேட்டபோது பேராச்சி முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"போயிட்டும்மா."

"போயிட்டா? எவ கொண்டு போனா?"

"யாரும் கொண்டு போகல. அதுவாத்தான் போச்சு."

பிறவிப்பெருமாள் வெளியே வந்தார். "பேராச்சி, இருபத்தாறு வருசமா இல்லாத பேச்சுல்லா பேசுத. வெயில்ல இருந்தியா?"

அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண்ணின் கைப்பைக்குள்ளிருந்து போன் அடித்தது. மருமகள். "அத்தே, ஒங்க செருப்பு வந்துட்டு, வாசல்ல நிக்கி. நீங்க எங்க இருக்கீக?"

அன்று ஒரு சோடி, மறுநாள் நாலு, அந்த வாரம் முடிவதற்குள் நாளொன்றுக்குப் பதினேழு பதினெட்டு சோடிகள் படியிறங்கிப் போயின. போனவற்றை எண்ணிப் பார்த்தால், மூன்றாம் மெத்தைக்காரர்களுடையவை மிகுதி, மற்ற மெத்தைகளுடையவையும் உண்டு. ஏன் அந்த வருடத்தில் தொடங்கின, ஏன் அந்தக் கடையில் என்பதற்கு ஊரில் ஆறு விதமான விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்றுகூட மற்றதோடு ஒத்துப்போவதில்லை, ஒன்றுக்கும் ஆதாரமில்லை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதத்தில் மட்டும் எல்லாக் கூற்றுகளும் ஒத்துப்போகின்றன. தேரடி முக்கில் நின்ற போக்குவரத்துக் காவலர் முதல் மூன்று நாள் முறைத்துப் பார்த்தார், நாலாம் நாள் முதல் கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி அவற்றைக் கடக்கவிட்டார். ஏழாம் எண் டவுன் பஸ்ஸின் நடத்துநர், பின்படியில் ஏறி நின்ற ஒரு சோடி ஹவாய்ச் செருப்பைப் பார்த்து, "டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கண்ணே" என்று பயணி ஒருவர் கிண்டல் பண்ணியதற்கு, "ஏறுன ஆளுக்குத்தான்யா டிக்கெட்டு, ஏறுன காலுக்கு உண்டா?" என்று கேட்டு விசிலடித்துவிட்டார், அதுவே பின்னர் விதியாகிவிட்டது. பஸ் நிலையத்துச் செருப்புத் தைப்பவரிடம், வாரறுந்த செருப்புகள் போகிற வழியில் வந்து வரிசையில் காத்திருந்து தைத்துக்கொண்டு போயின. வீட்டில் இருப்பவர்கள், அம்மாவின் செருப்பு தனியாக வந்து வாசலில் நின்றால், இன்னும் அரைமணியில் அம்மா வெறுங்காலோடும் வெறுங்கையோடும் கோபத்தோடும் வருவாள் என்று புரிந்துகொண்டு காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தார்கள். கோயில் வாசலில் விட்ட செருப்பு ஒன்றுகூட அசைவதில்லையே என்று பூசாரி பெருமையாகச் சொன்னபோது டீக்கடையில் ஒருவர், "சாமி வாயத் திறக்குறதில்லைல்லா, அதான் நிக்கி" என்றார். அதைப் பகடி என்று எடுத்துக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள்.

பிறவிப்பெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பதை அவர் ஒரு மாதத்திலேயே கண்டுகொண்டார். உள்ளே உட்கார்ந்து, "நல்லாருக்கு அண்ணாச்சி, இன்னொரு நாள் வாரோம்" என்று வாய் நிறையச் சொல்பவர்களின் செருப்பு அந்நேரம் தேரடி தாண்டியிருக்கும். மனிதர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்வதற்கில்லை, மரியாதைக்காகச் சொன்னார்கள். செருப்புக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

"ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள செருப்பு நிக்கணும்" என்றார் பேராச்சியிடம். "காவலுக்குன்னுதான் ஒன்ன வச்சிருக்கு. நிக்கலேன்னா அந்த முக்காலியில வேற ஆளு இருக்கும், சொல்லிட்டேன்."

அவள் சோடிகளைச் சணலால் கட்டிப் பார்த்தாள். கட்டோடு தவளைபோலத் தத்திப் போயின. இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டி டோக்கன் கொடுத்தாள். உள்ளேயிருந்து அவை கதவை உதைத்த சத்தத்தில் கடைக்குள் பேச்சுக் கேட்கவில்லை. பிறகு ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து, செருப்பை அதிலே போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், ஓய்வுபெற்ற தாசில்தாரின் மனைவி பையின் காதைக் கையில் மாட்டியபடி முதல் மெத்தையில் உட்கார்ந்து ஏழாவது பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பை அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது, மறுகையில் பிடித்திருந்த அரக்குச் சிவப்புப் புடவை கடைவாசல் முதல் பெட்டிக்கடை வரை பிரிந்துகொண்டே போனதையும், அந்த அம்மாள் அத்தனை வேகத்திலும், "எனக்கு வீட்ல கட்ட ஒரு பருத்திதான் வேணும்னு வந்தேன், ஒருத்தரும் கேக்கலையே!" என்று கூவிக்கொண்டே போனதையும் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மதுரையிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தார்கள். வாடிக்கையாளர் மனத்தை அளப்பதில் தேர்ந்தவர் என்று பேர். அவர் சொற்படி குளிர்சாதனம் போட்டார்கள், ரோஸ்மில்க் கொடுத்தார்கள், சிரிப்பிலிருந்து அழுகை வரை ஐந்து முகங்கள் வரைந்த ஒரு தாளைக் கொடுத்து ஒன்றில் குறியிடச் சொன்னார்கள். எல்லாரும் பெரிய சிரிப்பில் குறியிட்டார்கள். குறியிடும்போதே வாசலில் படியிறங்கும் சத்தம் கேட்டது. ஆலோசகர் இரண்டு நாள் இருந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கிளம்பும்போது, "இந்தம்மா வரவேற்கிற முறைதான் சார் உங்க கடையிலேயே சிறப்பு, அதை மட்டும் மாத்திடாதீங்க" என்று பேராச்சியைக் காட்டிச் சொன்னார். அவருடைய செருப்பு அதற்கு முன்பே பஸ் நிலையத்துக்குப் போயிருந்தது.

ஆடிக் கடைசியில் பிறவிப்பெருமாள் தாமே ஒரு முடிவுக்கு வந்தார். அதிகம் போவது மூன்றாம் மெத்தைச் செருப்பு; மூன்றாம் மெத்தையில் சேலை எடுத்துப் போடுகிறவன் மரியதாஸ்; ஆகவே குற்றம் மரியதாஸ்மேல். பதினெட்டு வருடம் வேலைபார்த்த அந்த மனிதனைப் பத்து நாள் வீட்டில் இரு, பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டார். அன்று காலையில்தான், ஆடிக்காற்றுப் புழுதி தொண்டையில் இறங்கி, பேராச்சிக்குக் குரல் அடைத்துப்போனது. நாலு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவள் முக்காலியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

குரல் வராததால் உள்ளே குழம்பிப்போனார்கள். வந்தவளை எந்த மெத்தைக்குக் கூட்டிப்போவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்று, கடைசியில் வேறு வழியில்லாமல், "என்ன பாக்கணும்மா?" என்று கேட்டார்கள். "யாருக்கு?" என்று கேட்டார்கள். "எதுக்குக் கட்டிக்கிட?" என்று கேட்டார்கள். ஊக்கு மாட்டிய செருப்பை விட்டுவிட்டு வந்த ஒருத்தி, தன் மகள் கல்லூரி மேடையில் தங்கப்பதக்கம் வாங்கப்போகிறாள், அவளுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு வேண்டும் என்றாள். நாலு நாளும் ஒரு செருப்பும் அசையவில்லை.

"பாத்தியா?" என்றார் பிறவிப்பெருமாள், வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்று. "மரியதாஸ் போனான், செருப்பு நின்னுட்டு. இனி நீ பயப்பட வேண்டாம், ஒன் முக்காலிய யாரும் அசைக்க முடியாது."

பேராச்சி தலையை ஆட்டினாள். பேச முடியாத நிலையில் அதைத்தான் செய்ய முடியும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் குரல் வந்தது. முதலில் வந்தவள் கல் உடைக்கும் இடத்திலிருந்து வந்தவள். செருப்பில் வெள்ளைப் பொடி. "உள்ள போங்க" என்றாள் பேராச்சி. அந்தப் பெண்ணின் இரண்டாவது கால் நிலைப்படியைத் தாண்டவில்லை, அதற்குள் செருப்புகள் ஒருமுறை நடுங்கி, திரும்பி, இறங்கிப் போயின. பேராச்சி அடுத்தவளுக்கு வாயைத் திறக்கவில்லை, செருப்பு நின்றது. அதற்கடுத்து வந்தவள் பொன்னிறக் கொக்கி வைத்த செருப்பு போட்டிருந்தாள். தன் குரலிலேயே மிக இனிய குரலை எடுத்து, "வாங்க, வாங்கம்மா, வாங்க" என்றாள் பேராச்சி. பொன்னிறக் கொக்கிகளும் வெயிலில் பளபளத்துக்கொண்டு தேரடிப் பக்கமாகப் போயின.

அவள் நெடுநேரம் கைகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கடை அவளைப் பேசச் சொல்லித்தான் வைத்திருந்தது. பேசாவிட்டால் அவளுக்கு அங்கே வேலையில்லை. பேசாமல் இருப்பது எதனால் என்று சொல்லாமலே இருந்துவிட்டால், தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று இன்னும் பத்து நாள் ஓட்டலாம், முகூர்த்தம் கழிந்துவிடும், முக்காலி நிற்கும், மரியதாஸ் மட்டும் போய்விடுவான். இந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்தாள் என்று சந்தைமேட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். கீழரதவீதியில் அவள் அப்படி நினைத்திருக்க மாட்டாள் என்கிறார்கள். சந்தைமேட்டுக் கூற்றே சரியாக இருக்கலாம். ஏனெனில் அவள் எழுந்திருக்க உச்சிப்பொழுது ஆனது.

அந்நேரம் மரியதாஸ் வந்தான், தன் சாப்பாட்டுத் தூக்கையும் கடையில் விட்டிருந்த சட்டையையும் எடுத்துப்போக.

"எக்கா, தொண்ட சரியாயிட்டா?"

"சரியாயிட்டு."

"அண்ணாச்சி நீ சொன்னாக் கேப்பாரு. ஒரு வார்த்த சொல்லேன். நான் யார்ட்டயும் முகம் சுளிச்சதில்ல எக்கா. நீ சொன்ன மெத்தையிலதான் உக்கார வச்சேன், அந்த மெத்தைக்குள்ள சேலையத்தான் எடுத்துப் போட்டேன். வேற என்ன செஞ்சேன்?"

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்பதற்காகச் சொன்னான். பேராச்சி முக்காலியை விட்டு எழுந்து, இருபத்தாறு வருடத்தில் வியாபார நேரத்தில் முதல்முறையாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனாள். மெத்தைகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, அது மரியதாஸ் இல்ல. நான்."

"என்ன, நீ?"

"நான் கூப்பிட்டாத்தான் செருப்பு போகுது. வாய மூடுனா நிக்கி. இன்னைக்குக் காலையில பாத்துட்டேன்."

பிறவிப்பெருமாள் சிரித்தார். "வந்தவங்கள வாங்கன்னு சொல்லதுல என்னட்டி குத்தம் இருக்கு?"

"மூணு விதமால்லா சொல்லுதேன்."

வெளியார் காதில் அந்த வார்த்தை விழக்கூடாது என்பதற்காகப் பிறவிப்பெருமாள் எழுந்து, குரலைத் தாழ்த்தும்படி அவளுக்குக் கையைக் காட்டினார். அப்போது இரண்டாம் மெத்தையில் உட்கார்ந்திருந்த ஒரு நடுவயதுக்காரி, மடியில் கிடந்த புடவையின் கரையைத் தடவியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "எங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? எங்கம்மா காலத்துலேயே தெரியும். 'உள்ள போங்க'ன்னா மூணாம் மெத்த. எங்கம்மா செருப்ப சந்தைக்குப் பக்கத்து வீட்ல விட்டுட்டு, அந்த வீட்டுக்காரிட்ட நல்ல செருப்பா வாங்கிப் போட்டுக்கிட்டுத்தான் இங்க வருவா."

மூன்றாம் மெத்தையில் யாரோ சிரித்தார்கள். முதல் மெத்தையிலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது.

அன்று மாலையே மூன்று மெத்தைகளையும் நெருக்கிப்போட்டு ஒரே வெள்ளைத்துணியை மேலே விரித்துவிட்டார்கள். மரியதாஸ் சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினான். எல்லாரும் போன பிறகு பிறவிப்பெருமாள் பேராச்சியைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், உண்மையிலேயே விளங்காதவர்போலக் கேட்டார்: "அப்ப ஒனக்கு இங்க என்ன சோலி, பேராச்சி? கூப்பிடவும் வேண்டாம். நிக்கிற செருப்புக்குக் காவலும் வேண்டாமே."

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றாள். முக்காலியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஆவணி முகூர்த்தம் வந்தது. படிகளில் செருப்புகள் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன, ஒன்றும் போகவில்லை. ஏழாம் எண் பஸ்ஸின் நடத்துநர் பின்படியைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேராச்சி அந்தக் கடைக்குச் சேலை பார்க்க வந்தாள். இப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைப் படியில் விட்டாள். அதைப் பார்க்க அங்கே யாருமில்லை. உள்ளே போய் வெள்ளைத்துணியின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்திருக்கலாம் என்பதுபோல உட்கார்ந்தாள்.

"வாக்கா" என்றான் மரியதாஸ். "என்ன பாக்கணும்?"

அந்தக் கேள்விக்கு ஊரில் பாதிப்பேருக்காக அவளே பதில் சொல்லியிருக்கிறாள். அவளிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"தெரியலையே தம்பி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எதுக்குக் கட்டிக்கிட?"

"சும்மா" என்றாள். பிறகு, அது போதாது என்று தோன்றி, "கலர் எனக்கு எது எடுக்கும்னு ஒருநாளும் பாத்ததில்ல" என்றாள்.

அவன் எடுத்துப்போட்டான். கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து, இலைப்பச்சை, செங்காவி. ஒவ்வொன்றையும் அவள் தோளில் போட்டுக் கண்ணாடிமுன் நிற்கவைத்தான். வேண்டாம் என்றால் முகம் மாறாமல் அடுத்ததைப் பிரித்தான். பேராச்சி மெல்ல மெல்ல ஓரத்திலிருந்து நகர்ந்து நடுமெத்தைக்கு வந்திருந்தாள். ஒரு மணி நேரமாயிற்று, இரண்டு மணி நேரமாயிற்று, அவளைச் சுற்றி முப்பது நாற்பது சேலைகள் பிரிந்து கிடந்தன. தலை நிமிர்ந்தபோது, பழக்கத்தால் அவள் கண் வாசலுக்குப் போனது. படியில் அவள் செருப்பு இல்லை.

"போயிட்டு" என்றாள்.

விற்பனையாள்கள் எல்லாரும் கையில் இருந்ததை அப்படியே வைத்தார்கள். மரியதாஸ் வாசலை எட்டிப் பார்த்தான். "எக்கா, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?"

"இல்லப்பா." அவள் தன்னையே ஒருமுறை தேடிப் பார்த்தாள், எந்த வார்த்தையும் குத்தியதாகத் தெரியவில்லை. ஆனாலும் தன்னைவிடச் செருப்புக்குத் தெரியும் என்பதை அவள் அல்லவா ஊருக்கு எடுத்துச் சொன்னவள்? அவள் எழுந்திருக்கப் போனாள்.

"பேராச்சி" என்றார் மேசையிலிருந்து பிறவிப்பெருமாள். "அங்க இல்ல. இங்க பாரு."

செருப்புகள் நிலைப்படி ஏறி உள்ளே வந்திருந்தன. சுவரோரமாக, யார் காலிலும் இடறாமல், கூடத்தைத் தாண்டி வந்து, வெள்ளைத்துணியின் விளிம்பில், அவளுக்குப் பின்னால், இரண்டும் ஒட்டி நின்றன. எழுபது வருடத்தில் அந்த நிலைப்படிக்குள் ஒரு செருப்பு நடந்து வந்ததில்லை. முதலாளி ஏதோ சொல்ல எழுந்து, சொல்லாமல் உட்கார்ந்தார் என்பது ஒரு கூற்று. எழவே இல்லை என்பது இன்னொன்று. மற்றதில் மாற்றமில்லை. மரியதாஸ் குனிந்து, விளிம்புவரை விரிந்து கிடந்த ஒரு முந்தானையை ஒரு சாண் இழுத்து, செருப்புகளுக்கு இடம்விட்டுவிட்டு, அடுத்த சேலையைப் பிரித்தான்.